சந்தனம் பட்ட பஞ்சுக் கல்

பினாங்குத் தீவில் இதுவரை நடந்த மனிதர்களிலேயே மிக மெதுவாக நடந்தவர் எங்கள் கல்லுக் கிராணிதான். கோர்ட்டில் கூண்டேறிச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன், கோர்ட் என்ற பேரைக் கேட்டாலே எதிர்ப்பக்கம் நடக்கிறவன் நான் என்றாலும். துறைமுகக் கிடங்கிலிருந்து பினாங்கு ஸ்ட்ரீட்டில் நாங்கள் குடியிருந்த மாடிக்குப் பத்து நிமிஷ நடை. அவருக்கு ஒன்றரை மணி நேரம். வழியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் குனிந்து எடுப்பார், திருப்புவார், நாக்கு நுனியால் தொடுவார். சிலதைப் பையில் போடுவார். சிலதை, ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்புகிறவர்போல, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார். பின்னால் வரும் ரிக்‌ஷாக்காரர்கள் முதலில் கத்தினார்கள், அப்புறம் திட்டினார்கள், கடைசியில் அவரை ஒரு விளக்குக் கம்பமாக நினைத்துச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆன காலம் அது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் கிராணி. ஊரில் குமாஸ்தா என்பார்களே, அதுதான். நான் அதே கிடங்கின் சாவிக்காரன், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என்னைவிட அவர் நாலு வயசு இளையவர். ஆனாலும் இங்கிலீஷ் தெரிந்தவர் என்பதால் நான் அவரைக் 'கிராணியாரே' என்பேன். வயசில் மூத்தவன் என்பதால் அவர் என்னை 'அண்ணை' என்பார். இரண்டு பேருக்குமே கொஞ்சம் உயர்ந்தமாதிரி இருக்கும்.

அவருடைய சட்டைப்பை ஒரு மாசம் தாங்காது. டோபி ஒருநாள் மாடியேறி வந்து மூட்டையைப் பொத்தென்று வைத்தார்.

"ஐயா, துணியைக் கல்லில அடிக்கிறது என் தொழில். நீங்க துணிக்குள்ளயே கல்லை வச்சு அனுப்புனா, நான் எதை எதுல அடிக்கிறது?"

கிராணியார் அந்தக் கல்லை வாங்கிப் பார்த்தார். "நல்லாக் கழுவியிருக்கிறீர். இவ்வளவு நாளும் எனக்கு இதின்ரை நிறம் தெரியாது" என்றார். டோபி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சேர்த்த கல்லெல்லாம் அவர் கட்டிலுக்கடியில் கிடந்தது. எங்களுக்கு நேர் கீழே ஒரு பத்தரின் நகைப்பட்டறை. நடுவில் இருந்தது பலகைத் தளம் மட்டும்தான். அது எவ்வளவு தொங்கியிருக்கிறது என்று தினமும் காலையில் நான் நூல் பிடித்துப் பார்ப்பேன். தொங்கியிருந்தால் என் கட்டிலைச் சுவர்ப்பக்கம் தள்ளுவேன். ஒரு வருஷத்தில் என் கட்டில் அறையைவிட்டே வெளியேறி மாடிப்படி முகப்புக்கு வந்துவிட்டது. பத்தர் அவ்வளவு கவலைப்படுகிறவர் இல்லை. அண்ணாந்து பார்த்து, "கிராணியாரே, உங்க மலை ஒருநாள் என் தலையில இறங்கப்போவுது. இறங்குறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கச் சொல்லுங்க" என்பதோடு சரி.

இத்தனை கல் சேர்த்தும் மனிதருக்குத் திருப்தி கிடையாது.

"இந்தத் தீவு முழுக்க ஒரே கருங்கல், அண்ணை. கொடிமலையும் கருங்கல், அதின்ரை அடிவாரமும் கருங்கல். நாள்தோறும் பருப்புக் கறியோடை சோறு தின்னுறமாதிரிக் கிடக்குது" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே இன்னொரு கருங்கல்லைப் பையில் போடுவார்.

அந்தச் சமயத்தில்தான் பம்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு பாய்க்கப்பல் வந்தது. சரக்குக் குறைவாக இருந்தால் கப்பல் ஆடாமலிருக்க அடிவயிற்றில் கல்லை நிரப்பிக்கொண்டு வருவார்கள். இங்கே சரக்கு ஏற்றும்போது அந்தக் கல்லைக் கரையில் கொட்டிவிடுவார்கள். அப்படிக் கொட்டியதில், எங்கள் தீவுக் கருங்கல் ஜாதி இல்லாத பூசணிக்காய் அளவு கரும்பாறை ஒன்று இரும்புத் தூணில் மோதி இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு பொந்து. பொந்துக்குள்ளே வெள்ளை வெளேரென்று, முயல் வாலை வெட்டி வைத்தமாதிரி, இரண்டு மூன்று பஞ்சு உருண்டைகள்.

மூட்டை தூக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். காளான் என்றான் ஒருவன். சிலந்தி முட்டை என்றான் இன்னொருவன். எனக்கு அது ஏதோ கல்லுக்கு வந்த வியாதி என்றும், நமக்கும் தொற்றும் என்றும் பட்டதால் இரண்டு எட்டுப் பின்னால் போனேன். கிராணியார் மட்டும் எண்ணிக்கொண்டிருந்த மூட்டைக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு மண்டிபோட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அரிசியில் எத்தனை மூட்டை இறங்கியது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"பஞ்சில்லை அண்ணை, கல். ஒவ்வொரு மயிரும் கல்."

அவரிடம் கனிமங்களைப் பற்றிய ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. ஏலத்தில் எடுத்தது. முக்கால்வாசியைக் கறையான் ஏற்கெனவே படித்து முடித்திருந்தது. மிஞ்சியதை வைத்துக்கொண்டு ஒரு மாசம் அந்தக் கல்லைப் போலீஸ்காரன் திருடனை விசாரிப்பதுபோல விசாரித்தார். ஓரத்தில் கெட்டியாக அப்பியிருந்த இடத்தை நகத்தால் கீறினார், கீறல் விழவில்லை. செப்புக்காசால் கீறினார், விழவில்லை. பேனாக்கத்திக்குத்தான் மசிந்தது. ஒரு சிட்டிகையைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டு விளக்கில் காட்டினார். குழாயின் மேல்பக்கத்தில் முத்து முத்தாக வேர்த்தது.

"கல்லுக்குள்ளை தண்ணி" என்றார், பிள்ளை பிறந்த சேதி சொல்கிறமாதிரி.

அப்புறம் பத்தரிடம் போனோம். ஊதுகுழல் அவரிடம்தானே இருக்கிறது.

"பொன்னா?" என்றார் பத்தர்.

"இல்லை."

"வெள்ளியா?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்ன கருமத்துக்கு என் மூச்சை வாங்குறீங்க?"

ஆனாலும் ஊதினார். அந்தச் சிட்டிகை நுரைத்துப் பொங்கி, பீங்கான்மாதிரி வெள்ளையாக உருகி நின்றது. அமிலத்தில் நனைத்து மறுபடி தீயில் காட்டியபோது சுடர் செங்கல் நிறத்துக்கு மாறியது. கிராணியார் பத்தரைக் கட்டிப்பிடிக்கப் போனார். பத்தர் தன் தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு அண்ணை. வெத்திலைக்குப் பூசுற அதே சுண்ணாம்புச் சத்து. மணலின்ரை சத்து ஒண்டு. தண்ணி ஒண்டு. மூண்டே மூண்டு. பூமி ஆற அமர இருந்து சமைச்சிருக்குது."

அமிலத்தில் போட்டால் சுண்ணாம்புக்கல்போலப் பொங்காமல் கஞ்சிபோலக் குழைந்துவிட்டது. இங்கேதான் சிக்கல். இப்படித் தண்ணீர் வைத்துக்கொண்டு, கரும்பாறைப் பொந்தில் குடியிருந்து, அமிலத்தில் குழைகிற கல்லெல்லாம் 'சியோலைட்' என்ற ஒரு பெரிய குடும்பமாம். பார்க்கிறவர்கள் இதையும் அந்தக் குடும்பத்தில்தான் சேர்ப்பார்களாம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அலுமினியச் சத்து இருக்கவேண்டும். மருந்துக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி அம்மோனியா வாங்கிவந்து, வடிகட்டின நீரில் விட்டுப் பார்த்தார். அலுமினியம் இருந்தால் வெள்ளையாகக் குழைவு ஒன்று இறங்கவேண்டும். மூன்று தடவை விட்டார். இறங்கவில்லை.

"ஒரே வீட்டிலை குடியிருக்குதுகள். ஆனால் சொந்தம் இல்லை. நானும் நீங்களும்போலை" என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து, "சொந்தம் இல்லையெண்டால் பகை எண்டு அர்த்தமில்லை, அண்ணை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சொந்தமில்லாத இந்தச் சின்னக் கூட்டத்துக் கல்லெல்லாம் அபூர்வம் என்று புத்தகம் சொன்னது. பேர்கள் இருந்த பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. அதனால் கண்டதையெல்லாம் ஆறு பக்கத்துக்கு எழுதி, பேராக் பக்கத்தில் பாறைகளை ஆராயும் சர்க்கார் துரை ஒருவருக்கு அனுப்பினார். நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பதில் வந்தது.

பினாங்குக்கு வருகிறேன் என்று துரை எழுதியிருந்தார். கல்லை முழுசாகக் கொண்டுவந்து காட்டு. மயிரெல்லாம் ஒரே நடுப்புள்ளியிலிருந்து எப்படிக் கிளம்பி நிற்கின்றன என்று நான் பார்க்கவேண்டும், அதில்தான் இதன் ஜாதி தெரியும். நீ எழுதியது சரியாக இருந்தால், என் அறையில் கற்களைப் பிரித்து அடுக்கிவைக்க ஒரு உதவியாள் வேலை காலியாக இருக்கிறது.

கடிதத்தை அவர் எனக்கு மூன்று தடவை தமிழில் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் அதை நாலாக மடித்தார். "மூட்டை எண்ணுறதுக்கெண்டு நான் பிறக்கேல்லை, அண்ணை" என்றார். அதுவரை அப்படி ஒரு ஆசை அவருக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

சோதனைக்குச் செலவானது போக முழு உருண்டை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தார். பூட்டினபிறகு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான் ஒருவன்தானே. "உங்களிட்டை இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும்" என்றார். அவருக்கு வந்தது. எனக்குப் போனது.

துரை வருவதற்கு முதல்நாள் ஆயுத பூஜை. கிராணியார் ஒரு சரக்கு விஷயமாகப் படகேறி எதிர்க்கரையிலுள்ள பிறை ஊருக்குப் போயிருந்தார். நான் கிடங்கில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன். தராசு, படிக்கல், மூட்டை இழுக்கும் கொக்கி, சங்கிலி, பூட்டு, சாவிக்கொத்து, மைக்கூடு. ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டுகிற நேரத்தில் மனசு உறுத்தியது. நாளைக்குப் பெரிய காரியத்துக்குப் போகப்போகிறது அந்தக் கல். கிடங்கில் துருப்பிடித்த ஆணிக்குக்கூடப் பொட்டு வைத்தாயிற்று. அதற்கு மட்டும் இல்லையென்றால்? நாளைக்குக் காரியம் கெட்டால் அது என்னால்தானே?

பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்தேன். டப்பாவைத் திறந்தேன். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, அந்த வெள்ளை உருண்டையின் நட்டநடுவில் விரலை வைத்தேன்.

விரலை எடுத்தபோது ஒரு கொத்து மயிர் விரலோடு வந்தது. மிச்சம், மழையில் நனைந்த பூனைபோலப் படுத்துவிட்டது. விசிறினேன். ஊதினேன். குண்டூசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தேன். நிமிர்த்தினதெல்லாம் ஒடிந்தது. வெயிலில் வைத்தேன். சந்தனம் காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றைக்குக் கடலில் குதிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், சாவிக்கொத்து என்னிடம் இருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். டப்பாவை நீட்டினேன். விளக்குப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஆர் வைச்சது?"

"நான்தாங்க."

"ஏன் அண்ணை?"

"உங்களுக்கு அந்த வேலை கிடைக்கணும்னுதான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூடியை மெதுவாகப் போட்டு, "நாளைக்கு நீங்களும் வாங்கோ. டப்பாவைப் பிடிக்க ஆள் வேணும்" என்றார்.

துரை கடலோர ஹோட்டல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கிராணியாரின் ஆறு பக்கம் மேஜைமேல் இருந்தது. ஓரமெல்லாம் பென்சிலில் சரி சரி என்று குறி போட்டிருந்தது எனக்கே தெரிந்தது. டப்பாவைத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தவர், நிமிர்ந்து, மஞ்சளாக இருந்த இடத்தைக் காட்டி என்னவோ கேட்டார். கிராணியார் பதில் சொன்னார். துரையின் புருவம் ஏறியது. "யூ?" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். பதிலும் தெரியும்.

"யெஸ் சார். ஐ" என்றார் கிராணியார்.

நான் பக்கத்திலேயே நின்றேன். கையில் டப்பா மூடி. இல்லை, நான்தான் என்று தலையை ஆட்டியிருந்தால்கூடத் துரைக்குப் புரிந்திருக்கும். என் வேலை போய்விடுமோ, துரை போலீஸைக் கூப்பிடுவாரோ என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

துரை கெட்டவர் இல்லை. எழுதியது அத்தனையும் சரி, இது சியோலைட் இல்லை, 'ஓக்கனைட்' என்று பேர் சொன்னார். தாளில் எழுதியும் கொடுத்தார். ஆனால் இப்படி ஒன்றின்மேல் சந்தனம் பூசுகிற ஆளிடம் ஒரு அறை முழுக்க இருக்கிற கற்களை எப்படி ஒப்படைப்பது என்றும் கேட்டாராம். இதைப் பத்து நாள் கழித்து, நான் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டபிறகுதான் கிராணியார் சொன்னார்.

"ஏன் உங்கமேல போட்டுக்கிட்டீங்க?"

"உங்களைக் காட்டிக்குடுத்து ஒரு வேலையிலை போய் இருந்து, அங்கை நான் ஆரோடை கதைக்கிறது?" என்றார். அப்புறம் மூட்டை எண்ணப் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அதே துரை மறுபடி பினாங்குக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த ஹோட்டல் வாசல்வரை போனேன். சொல்லவேண்டிய இங்கிலீஷைக்கூட மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு மனப்பாடம் பண்ணியிருந்தேன். மூன்றே வார்த்தை. காவல்காரன் என்ன வேணும் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். இந்த வயசிலும் அந்த மூன்று வார்த்தை வாய்க்குள்ளேயே கிடக்கிறது.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். கிராணியார் வந்து பார்த்தார். தராசுக்கும் கொக்கிக்கும் நடுவில் இருந்த இடத்தில் போய்ச் சப்பணம் கட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி நெற்றியைக் காட்டினார்.

"முதல்லை எனக்கு வையுங்கோ, அண்ணை. நான் படுத்துப்போக மாட்டன்."

பொட்டு கோணலாகத்தான் விழுந்தது. அன்றைக்குக் கப்பல் கப்பலாக ஏறி இறங்கினார், துரைமார் முன்னாலெல்லாம் நின்றார். பொழுது சாயும்வரை அதை அவர் துடைக்கவில்லை.