தாமரைத்தண்டு கவ்விய கடற்காக்கை

நெருக்கடி நிலை அமலில் இருந்த ஒரு மார்கழியில், செங்கற்பட்டிலிருந்த ஒரு பெரிய ஆபீஸில், ஊழியர்கள் அனைவரும் பறவைகளை நேசிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஆபீஸின் பெயர் வேண்டாம். சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

சுற்றறிக்கைக்குக் காரணம், அந்த ஆபீஸின் தலைமை அதிகாரி ராஜாராம் சென்னையில் ஒரு விருந்துக்குப் போய் வந்ததுதான். அங்கே அவருக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் பறவையைப் பற்றியே பேசினார்கள். யார் எந்த ஏரியில் எந்த வாத்தைப் பார்த்தார், யாருடைய பைனாகுலர் ஜப்பான், யாருடையது ஜெர்மன் என்று ஒரே பேச்சு. இதே ஆட்கள் முந்தின வருஷம் ரோஜாச் செடியைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தின வருஷம் யோகாசனம். ராஜாராம் ரோஜாவையும் யோகாசனத்தையும் தாமதமாகத் தொடங்கிப் பதவி உயர்வைக் கோட்டைவிட்டவர். இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. மறுநாளே பைனாகுலர் வாங்கினார், பச்சைத் தொப்பி வாங்கினார், சஃபாரி சூட் தைக்கக் கொடுத்தார். பறவை நேயர் மன்றம் ஒன்றையும் தொடங்கினார். அதில் சேருவது அவரவர் விருப்பம். விருப்பப்படாதவர்களிடம் ஏன் விருப்பப்படவில்லை என்று எழுத்துமூலம் கேட்கப்பட்டது.

ஆகவே எல்லோருக்கும் விருப்பம் வந்தது. கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாத குமாஸ்தாக்கள் தோளில் பிளாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் கொளவாய் ஏரிக்கரையில் வரிசையாக நின்றார்கள். ஒருவர் மட்டும் விவரம் தெரியாமல், மைனாவைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். உள்ளூர்ப் பறவைகளைப் பார்ப்பது மன்றத்தின் நோக்கங்களுக்குப் புறம்பானது என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிற பறவைக்குத்தான் மதிப்பு. பர்மா பஜாரில் சட்டைத்துணி வாங்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த ஆபீஸின்கீழ் கோவளத்தில் வருவாய் ஆய்வாளராக இருந்த ஜானகிராமனுக்குத்தான் இதில் வயிறு எரிந்தது. அவர் மனைவி வசுமதி கூடுவாஞ்சேரியில் அரசுப் பள்ளி ஆசிரியை. இவர் கோவளத்தில் ஒரு கடை மாடியில் அறை எடுத்து, ஓட்டல் சாம்பாரைக் குடித்துக் காலம் தள்ளினார். கண்ணாலே வீட்டைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் இப்போது பறவை கொத்திக்கொண்டு போனது. கூடுவாஞ்சேரிக்கு மாற்றல் கேட்டு அவர் வருஷா வருஷம் மனுப் போட்டார். அவர் கேட்டது டில்லியை அல்ல, கூடுவாஞ்சேரியை. ஆவன செய்யப்படும் என்று வருஷா வருஷம் பதில் வந்தது.

"அந்தப் பறவைங்கல்லாம் சைபீரியாவுலேர்ந்து டாண்ணு வந்துட்டுப் போகுது," என்றாள் வசுமதி. "உங்களால கோவளத்துலேர்ந்து கூடுவாஞ்சேரிக்கு வர முடியல."

இந்த நிலையில்தான் ராஜாராம் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ்டர் ஜானகிராமன், சென்னையிலேர்ந்து செயலாளர் தாமோதரன் வர்றார். ஞாயித்துக்கிழமை கோவளத்துல கடற்காக்கை பார்க்கணுமாம். பறவை உங்க பொறுப்பு. நல்லபடியா முடிஞ்சா கூடுவாஞ்சேரி உங்களுக்கு."

ஜானகிராமனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "கவலையே வேண்டாம் சார். கருவாடு காயப் போடற எடத்துல கடற்காக்கை மொய்ச்சுக்கிட்டுக் கெடக்கும்."

"கருவாடா? செயலாளர் வீட்டம்மாவுக்கு அந்த வாசனை ஆகாது. கருவாட்டை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா பறவை வராதே சார்."

"அது எனக்குத் தெரியாதா? கருவாடு இருக்கக் கூடாது, பறவை இருக்கணும். அதுக்குத்தான் அனுபவசாலிங்க வேணும்ங்கறது."

கருவாடு எடுக்கப்பட்டது. பொதுநலன் கருதிக் கடற்கரையில் மீன் காயப்போடுவது தடை செய்யப்பட்டது. மீன்காரப் பெண்கள் ஜானகிராமனின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். மணல் பெருக்கப்பட்டது, அதன்மேல் சுண்ணாம்புக் கோடு போடப்பட்டது. பந்தலும் மைக்கும் வாடகைக்கு விடுகிற ஹயாத் பாஷா, மூங்கிலில் ஒரு வரவேற்பு வளைவு கட்டினார். கடற்காக்கைகள் இரண்டு நாள் சுற்றிப் பார்த்தன. பிறகு கருவாடு போன திசையிலேயே, தெற்கே சதுரங்கப்பட்டினம் பக்கம் போய்விட்டன. கடற்கரை அப்படி ஒரு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

"இன்னா சார், ஒரே பேஜாரா கீது," என்றார் ஹயாத் பாஷா. "பந்தல் கீது, மைக் கீது, சோடா கீது. பட்சி மட்டும் இல்ல. பட்சிய வாடகைக்கு வுட்றவன் எவனும் இல்லியே."

ஜானகிராமன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கூடுவாஞ்சேரி கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் ஹயாத் பாஷா. "மாபலிபொரத்துல கேசவன்னு ஒர்த்தரு கீறாரு. கோயில் கோபொரத்துக்கு சுதைப் பொம்மை செய்றவரு. எட்டத்துல வெச்சா எந்தப் பட்சி உசுரோட கீதுன்னு எவனுக்குத் தெரியும்?"

அரசு ஊழியர் ஒருவர் இப்படியெல்லாம் செய்யலாமா என்று ஜானகிராமன் யோசித்தார். அடுத்த மாமல்லபுரம் பஸ் வருகிறவரை யோசித்தார். பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

கேசவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கடல் காக்கா. சரி. எந்த சாமிக்கு வாகனம்?"

"எந்த சாமிக்கும் இல்ல."

"அப்ப அளவு எப்படி எடுக்கறது?"

"வெள்ளையா இருக்கணும். தண்ணிப் பறவை. சனிக்கிழமை வேணும். அவ்வளவுதான்."

சனிக்கிழமை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் பறவைகள் வந்து சேர்ந்தன. ஜானகிராமன் வைக்கோலை விலக்கிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொன்றுக்கும் புடைத்த மார்பு. கழுத்தில் ஆரம். கொடி மாதிரி சுருண்டு சுருண்டு எழும் வால்.

"யோவ், இது அன்னப்பட்சி!"

"வாகனம் இல்லாத பட்சிக்கு எனக்குக் கை வராது சார்," என்றார் கேசவன். "வெள்ளைன்னீங்க, வெள்ளையா இருக்கு. தண்ணிப் பட்சின்னீங்க, அன்னம் தண்ணிப் பட்சிதானே?"

"வாயில என்னய்யா அது?"

"தாமரைத்தண்டு. அது இல்லேன்னா அன்னம் முழுமையாகாது."

"கடல்ல ஏதுய்யா தாமரை?"

"அது உங்க டிபார்ட்மெண்ட் சார்."

வேறு வழி இல்லை. உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் ஒரு சேற்றுத் திட்டில் பறவைகள் உரிய இடைவெளி விட்டு நிறுத்தப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தாமோதரன் வந்தார். மாலை போட்டுக்கொண்டார், சோடா குடித்தார், பைனாகுலரை எடுத்துக் கழிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையிலிருந்த கனமான ஆங்கிலப் பறவைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். கடைசியிலிருந்து முதல்வரை மறுபடி புரட்டினார். ஜானகிராமன் கூடுவாஞ்சேரியை மறந்துவிட்டு, சஸ்பெண்ட் ஆனால் பாதிச் சம்பளம் வருமா என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்.

"இந்தப் பறவை புத்தகத்துல இல்ல," என்றார் செயலாளர்.

ராஜாராமுக்குப் பச்சைத் தொப்பிக்குள் வியர்த்தது.

"இல்லேன்னா என்ன அர்த்தம்? சொல்லுங்க பார்ப்போம்."

செயலாளர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"புத்தகம் எழுதினவன் பார்க்கலைன்னு அர்த்தம்! நாம பார்த்துட்டோம்!"

கைத்தட்டல் எழுந்தது. கழுத்தில் ஆரம் போல ஒரு அபூர்வ வளையம் இருப்பதைச் செயலாளரின் மனைவி கண்டுபிடித்தார். கடற்காக்கை இனம் சைவத்துக்கு மாறிவருவதற்கான தடயம் அலகிலேயே தெரிகிறது என்றார் செயலாளர். அவரே திடீரென்று புருவத்தைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணுகூட அசையலியே?"

"இப்ப நாட்டுல எல்லாரும் ஒழுங்கா இருக்காங்க சார்," என்றார் ராஜாராம்.

செயலாளருக்கு அது மிகவும் பொருத்தமாகப் பட்டது.

தை மாதமே ராஜாராம் பதவி உயர்வு பெற்றுச் சென்னைக்குப் போனார். ஜானகிராமனுக்கும் கூடுவாஞ்சேரிக்கு உத்தரவு வந்தது, ஒரு நிபந்தனையோடு. மேற்படி அரிய பறவைகள் கழியில் தங்கியிருக்கும்வரை அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க இயலாது. ஜானகிராமன் பங்குனிவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பறவைகள் எல்லாம் வடக்கே கிளம்புகிற பருவம் வந்ததும், தம்முடைய பறவைகளும் தாயகம் திரும்பிவிட்டதாக அறிக்கை அனுப்பினார். ஹயாத் பாஷாவின் ஆட்கள் அவற்றை உடைத்துக் கழியின் ஆழமான பக்கத்தில் போட்டார்கள். அதே பங்குனியில் நெருக்கடி நிலையும் போய்விட்டது.

கூடுவாஞ்சேரியில் ஜானகிராமன் சந்தோஷமாக இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சூடாகக் காபி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூக்கம். எந்தப் பறவையையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு நாள் வசுமதியிடம் கதை முழுவதையும், தாமரைத்தண்டு உட்பட, சொல்லிவிட்டார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மார்கழி வந்தது. ஆட்சி மாறியிருந்தது. கோப்பு மாறவில்லை. சென்ற ஆண்டு பறவைகளை வழியனுப்பிவைத்தவர் என்ற முறையில், இந்த ஆண்டு வரவேற்கவும் ஜானகிராமனே கோவளம் செல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. பங்குனி முடிவதற்குள் அரசு ஊழியர் இருவர் மேற்படி பறவையைக் கண்டதாக உறுதிசெய்தால், அவரது பணியிடம் அங்கேயே நிரந்தரமாக்கப்படும். அப்படி யாரும் காணாவிட்டால் அவர் கூடுவாஞ்சேரிக்குத் திரும்பலாம். பொதுமக்கள் எத்தனை பேர் எதைக் கண்ணால் கண்டாலும் அது அரசுக்குச் சாட்சி ஆகாது.

வசுமதி அழுதாள். ஜானகிராமன் சிரித்தார். "அசடே, இல்லாத பறவைய எவன் பார்க்கப் போறான்? பங்குனி முடிஞ்ச மறுநாள் வந்துடறேன்."

புத்தகத்தில் இல்லாத பறவை என்ற செய்தி பரவி, கோவளத்தில் கூட்டம் அலைமோதியது. சென்னையிலிருந்து காரிலும் பஸ்ஸிலும் பச்சைத் தொப்பிகள் வந்து இறங்கின. ஹயாத் பாஷா பந்தல் தொழிலை விட்டுவிட்டுப் பைனாகுலர் வாடகைக்கு விட்டார். தடை நீங்கிக் கருவாடு திரும்பிவந்திருந்ததால் நிஜக் கடற்காக்கைகளும் வானம் கொள்ளாமல் வந்திருந்தன. அவை கத்தின, சண்டை போட்டன, தொப்பிகளின் மேல் எச்சமிட்டன.

"சே, இந்தச் சனியன்கள் மறைக்குது," என்றார்கள் பறவை பார்க்க வந்தவர்கள். "விரட்ட ஆளில்லையா?"

இருந்தது. ஜானகிராமனுக்கு அரசு ஒரு மூங்கில் கம்பு கொடுத்திருந்தது.

தை முடிகிறவரை யாரும் எதையும் பார்க்கவில்லை. மாசியில், அடையாறிலிருந்து வந்த ஒருவர் "அதோ!" என்றார். பக்கத்தில் இருந்தவரும் அதே தூரத்திலிருந்து, அதைவிட நல்ல பைனாகுலரோடு வந்திருந்தவர். அவருக்கும் தெரிந்தது. அதன்பிறகு தெரியாதவர்களே இல்லை. ஜானகிராமன் அசரவில்லை. எல்லோரும் பொதுமக்கள்தானே!

பங்குனியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வசுமதி தன் பள்ளி ஆசிரியைகளோடு உல்லாசப் பயணமாக வந்து இறங்கினாள். போகும்போது கணவரின் பெட்டி படுக்கையை முன்னதாக எடுத்துப்போகலாம் என்று ஏற்பாடு. அவர் பெட்டி தயாராக இருந்தது. தலைமை ஆசிரியை ஜெகதாம்பாள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"ஆமாம், இருக்கு! கழுத்துல ஆரம்கூடத் தெரியறதே! வசுமதி, நீ பார்த்தியா?"

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை; ஜானகிராமன் மனசுக்குள் அரசு ஊழியர் ஒருவர் என்று எண்ணிக்கொண்டார். வசுமதி பைனாகுலரை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். வருஷக் கடைசி. அவள் வேலை எப்படி என்று மேலிடத்துக்குப் போகும் ரகசியக் குறிப்பை ஜெகதாம்பாள் இனிமேல்தான் எழுத வேண்டும்.

"பார்த்தேன் மேடம்," என்றாள். "வாயில தாமரைத்தண்டு."

பஸ்ஸருகே அவளை ஓரமாக இழுத்து, "ஏண்டி அப்படிச் சொன்னே? உனக்குத் தெரியாதா?" என்றார் ஜானகிராமன்.

"அவங்க பார்த்துட்டேன்னு சொன்னப்புறம் நான் எப்படிங்க இல்லேன்னு சொல்றது?" என்றாள் அவள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறும்போது திரும்பி, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அதுவும் இல்லாம, நிஜமாவே ஏதோ தெரிஞ்ச மாதிரிதாங்க இருந்துச்சு."

பஸ் போய்விட்டது. ஜானகிராமன் பெட்டியை மாடி அறையில் வைத்துவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். அங்கே புதிதாக வந்த ஒருவர் பைனாகுலரைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று ஹயாத் பாஷாவிடம் தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, எங்கைல கேட்டா? சாரு கவுருமெண்டு. அவரைக் கேளு," என்றார் ஹயாத் பாஷா.

வந்தவர் ஜானகிராமனிடம் திரும்பினார். "உண்மையைச் சொல்லுங்க சார். அங்க நிஜமாவே பறவை இருக்கா?"

ஜானகிராமன் கழிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வெறும் சேற்றுத் திட்டு. அதன்மேல் வெயில். அவர் இனி நிரந்தரமாகக் கோவளத்து அரசு ஊழியர்.

"இருக்கே," என்றார்.

வந்தவர் மறுபடி பைனாகுலரை வைத்துப் பார்த்தார்.

"அட, ஆமாம்!" என்றார்.