சிவப்பு மூடித் தோட்டா

இந்த வருஷம் மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கம் வாங்கியே தீருவது என்று தீர்மானம் எடுத்தேன். தீர்மானம் எடுப்பதில் நான் கெட்டிக்காரன். எடுத்ததை வீட்டில் போய்ச் சொல்வதில்தான் எப்போதும் தப்பு செய்துவிடுகிறேன்.

என் பெயர் பிலிப்பு. கள்ளக்குறிச்சி கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். ஊரார் வழக்குகளுக்கெல்லாம் அடுத்த வாய்தா தேதி எழுதி எழுதி விரல் காய்த்துப்போனவன். அந்த விரலுக்கு ஒரு மரியாதை தேடித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கல்வராயன் மலை அடிவாரத்தில் நீளமாக ஒரு மைதானம், கடைசியில் ஒரு மண்மேடு, இந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. துப்பாக்கியும் கிளப்புடையது, தோட்டாவும் கிளப்புடையது. தோள்வலி மட்டும் நம்முடையது.

போன வருஷப் போட்டியில் இருநூறுக்கு உரக்கடை கொளஞ்சியப்பன் நூற்றி எண்பத்து நாலு எடுத்தார். நான் நூற்றி நாற்பத்து மூன்று. குறி தவறியது என்று நான் சொல்ல மாட்டேன். வட்டம்தான் தவறியது. பத்தாம் வட்டத்தில் விழ வேண்டியது சங்கராபுரம் வட்டத்தில் போய் விழுந்தது.

ஏன் விழுந்தது? ஒரு வருஷம் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த சூட்டோடு மனைவியிடம் ஓடினேன். உபகாரமேரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மேரி, தப்பு எங்கிட்ட இல்ல. தோட்டாகிட்ட இருக்குது."

"அது இன்னா பண்ணுச்சு பாவம்?"

"நான் நேராத்தான் வுட்டேன். அதுதான் கோணலா பூடுச்சு."

"கொளஞ்சியப்பன் அண்ணனும் அதே தோட்டாதான சுட்டாரு? அவுரு வுட்டது மட்டும் எப்பிடி நேரா போச்சு?"

"அவுரு துப்பாக்கிக்கு அது ஒத்துக்குது. என் துப்பாக்கிக்கு ஒத்துக்கல. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு தோட்டாதான் புடிக்கும் மேரி. இது உலகம் பூரா ஒத்துக்கினு இருக்கற விஷயம்."

"துப்பாக்கிக்குமா நாக்கு நீளம்?"

"உனுக்கு சுடுறத பத்தி இன்னா தெரியும்?"

"நீங்க சுட்ட தோசைய பத்தித் தெரியும்ங்க."

இந்த இடத்தில் மேரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு அவளுக்கு மனப்பாடம். யாரிடமும் மூச்சு விடமாட்டாள். ஆனால் கல்யாண வீட்டில் பாயசத்துக்குக் கை நீட்டுகிறவர்கள், அவள் அந்தப் பக்கம் திரும்பினால் கையை மடக்கிக்கொள்வார்கள்.

கிளப்பில் மூன்று வகைத் தோட்டா இருந்தது. எல்லாமே பாயிண்ட் டூ டூ. அடிப்பாகத்தின் விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கிற, சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத பொடித் தோட்டா. ஒன்று உள்நாட்டுச் சரக்கு, எல்லோரும் வழக்கமாகச் சுடுவது. இன்னொன்று நடுத்தரம். மூன்றாவது வெளிநாடு. அதை மெழுகு பூசி, பெண் பார்க்க வந்த வீட்டில் தட்டு வைப்பதுபோல வரிசையாக அடுக்கி அனுப்பியிருந்தார்கள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, என் துப்பாக்கி இத்தனை நாள் விரதம் இருந்தது இதற்காகத்தான் என்று.

ஆனால் கமிட்டி சும்மா தருமா? "வேற தோட்டா வேணும்னா டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்க" என்றது. மாதிரிக்கு மூன்றிலும் ஒரு பெட்டி தந்தது. எப்படி டெஸ்ட் செய்வது என்று கிளப்பின் மைதானப் பொறுப்பாளர் சின்னராசு சொல்லிக்கொடுத்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் அட்டென்ஷனில்தான் உட்காருவார்.

அதை வீட்டில் வந்து மேரிக்கு விளக்கினேன்.

"துப்பாக்கிய மணல் மூட்ட மேல சாச்சு வெச்சுக்கணும். அம்பது மீட்டர். ஒவ்வொரு தோட்டாலயும் அஞ்சு அஞ்சு ரவுண்டு. எந்த ரெண்டு ஓட்ட ரொம்ப தூரமா இருக்குதோ, அதுக்கு நடுவுல எத்தன மில்லிமீட்டருன்னு அளக்கணும். எது கம்மியோ அதான் நல்ல தோட்டா."

"அப்ப ஒண்ணொண்ணுலயும் அஞ்சு போதும்."

"பத்து வேணும். தோட்டா மாத்துனா முதல் அஞ்சு கணக்குல வராது. குழாய் புது மெழுகுக்குப் பழகணும்."

அன்றைக்கும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மேரி அதைக் கீழே வைத்தாள்.

"இது எங்க வேல ஆச்சே! ஆனா ஒண்ணு. எது எந்த தோட்டான்னு சுடுறவருக்குத் தெரியக் கூடாதுங்க."

"ஏன்? என் மேல நம்பிக்க இல்லயா?"

"டாக்டருக்கே நாங்க பேர மறைச்சுத்தான் சில ரிப்போர்ட் குடுப்போம். பேர் தெரிஞ்சா கண்ணு சாயும். நான் வந்து எடுத்துக் குடுக்கறேன். சின்னராசு அண்ணன் துப்பாக்கியில போடட்டும். நீங்க குறிய மட்டும் பாருங்க."

"சரி. வெளிநாட்டுதுதான் ஜெயிக்கும். ஜெயிச்சா போட்டி முடியற வரிக்கும் ஞாயித்துக்கெழம எங்க போறன்னு என்னிய கேக்கக் கூடாது."

"கேக்கல. ஜெயிக்கலன்னா, மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம நான் சொல்ற எடத்துக்கு வரணும்."

"எந்த எடம்?"

"அப்பறம் சொல்றேன்."

வெற்றி நிச்சயம் என்று தெரிந்தவன் நிபந்தனையைப் படித்துப் பார்ப்பதில்லை. சரி என்று தலையாட்டினேன். கோர்ட்டில் இப்படித் தலையாட்டியவர்கள் கதியைத் தினம் பார்த்துக்கொண்டிருந்தும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தோம். ஹாலில் மேஜைமேல் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள். சிவப்பு மூடி, வெள்ளை மூடி, நீல மூடி.

"மேரி, இது நீங்க யூரின் புடிக்கற டப்பால்ல?"

"புதுசுங்க. ஒவ்வொண்ணுலயும் பத்து போட்டு வெச்சிருக்கறேன். தொடாதீங்க. நான் குளிச்சிட்டு வந்துர்றேன்."

குளியலறைக் கதவு சாத்தியது. பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நான் சட்டம் அறிந்தவன். சாட்சியத்தைத் திருத்துவது குற்றம். ஆனால் பார்ப்பது திருத்துவது ஆகுமா? ஆகாது. பத்து நொடி யோசித்து இந்தத் தீர்ப்பை எனக்கு நானே வழங்கிக்கொண்டு, மூடிகளைத் திறந்தேன். ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் கம்பெனி எழுத்து அச்சாகியிருக்கும். சிவப்பில் வெளிநாடு. வெள்ளையில் நடுத்தரம். நீலத்தில் நம்மூர்ச் சரக்கு. மூடிகளை இருந்தபடியே திருகிவிட்டு, செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டேன். பிறந்து வளர்ந்த ஊரின் பெயரிலேயே கள்ளக்குறி இருக்கும்போது என்னை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

ஸ்கூட்டரில் கிளம்பினோம். கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து மைதானம் போய்ச் சேர்ந்தோம். மேரி டப்பாப் பையோடு நேராகக் கொட்டகைக்குள் போனாள். "எண்ணி வாங்கிக்குங்கண்ணே" என்று சின்னராசுவிடம் சொல்வது கேட்டது. இரண்டு பேரும் எண்ணினார்கள். முப்பது தோட்டா எண்ண அவ்வளவு நேரமா என்று நினைத்தேன். ராணுவக்காரர், இரண்டு தரம் எண்ணுவார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, கன்னத்தை அதன்மேல் வைத்தேன். அந்தக் கோணத்தில் எனக்கு மூடியின் நிறம் மட்டும்தான் தெரிந்தது. எனக்கும் அது போதும்.

முதலில் சிவப்பு. சின்னராசு ஒவ்வொன்றாகப் போட்டார். ஐந்து ரவுண்டு பழக்கத்துக்கு. பிறகு அட்டையை மாற்றிக் கணக்குக்கு ஐந்து. மலையிலிருந்து காற்று வந்தது. கம்பத்திலிருந்த துணி ஆடியது. நான் காத்திருந்தேன். துணி தொங்கியது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைப் பூவைப்போல அழுத்தினேன். அடடா! தோளில் ஓர் அதிர்ச்சிகூட இல்லை. வெளிநாடு வெளிநாடுதான்.

அடுத்தது வெள்ளை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது.

கடைசியில் நீலம். என் ஆண்டவரே, அந்தத் தோட்டா துப்பாக்கிக்குள் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது தேறாது என்று. வேண்டுமென்று கோணலாகச் சுட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துணி ஆடியபோது காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். இதற்குப் போய் எதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சின்னராசு காலிக் குப்பிகளை ஒரு துணியில் சேர்த்துக்கொண்டே வந்தார். மேரி அட்டைகளை வாங்கி, ஸ்கேல் வைத்து அளந்தாள்.

"சிவப்பு பத்தொம்பது மில்லிமீட்டர். வெள்ள முப்பத்தொண்ணு. நீலம் அம்பத்தி நாலு."

நான் எழுந்து நின்றேன். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டேன்.

"பாத்தியா மேரி? நான் இன்னா சொன்னேன்? துப்பாக்கி பேசிருச்சு! அந்த சிவப்பு வெளிநாட்டுதாத்தான் இருக்கும். சும்மா ஒரு யூகந்தான்."

"நீலம்?"

"அது நம்மூர்து. சுடும்போதே கைக்குத் தெரிஞ்சுதே! ஒதறுச்சு மேரி, ஒதறுச்சு!"

"அப்பிடியா?" என்று மேரி சின்னராசுவைப் பார்த்தாள். அவர் துணியை விரித்து என் முன்னால் வைத்தார். முப்பது காலிக் குப்பிகள். ஒன்றை எடுத்து அடியைப் பார்த்தேன். உள்நாட்டு எழுத்து. இன்னொன்று. அதே எழுத்து. கையை விட்டு அளாவி அடியிலிருந்து ஒன்று எடுத்தேன். அதே எழுத்து.

"சுபேதார், சிவப்பு குப்பிங்க எங்க?"

"எல்லாம் இதுலதான் இருக்குது சார்."

"மேரி, இன்னா இது?"

"மூணுலயும் நம்மூர்துதாங்க. கொட்டகையில வெச்சு மாத்திட்டோம்."

"காத்தால சிவப்புல வெளிநாட்டுது இருந்துச்சே!"

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. சின்னராசு மரியாதையாக மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இருந்துச்சுங்க. நீங்க பாக்கறதுக்குத்தான் வெச்சேன்."

"நீ குளிச்சிக்கினு இல்ல இருந்த?"

"நான் இன்னிக்கு குளிக்கவே இல்ல. கொழாய தொறந்து வுட்டுட்டு கதவு சந்துல நின்னுக்கினு இருந்தேன்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். ஆனாலும் இத்தனை வருஷம் கோர்ட்டில் இருந்தவன். குறுக்கு விசாரணையை விடுவேனா?

"இது மோசடி! மூணு தோட்டாவ டெஸ்ட் பண்ண வந்துட்டு ஒரே தோட்டாவ மூணு தடவ குடுக்கலாமா?"

"எங்க லேப்ல வாராவாரம் பண்றதுதாங்க. ஒரே ரத்தத்த மூணு டியூப்ல ஊத்தி மூணு பேர் போட்டு வெப்போம். மூணும் ஒரே அளவு காட்டுனா மெஷினு நல்லா இருக்குது. வேற வேற காட்டுனா ரத்தத்துல கோளாறு இல்ல." அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "டைமும் எழுதியிருக்கறேன் பாருங்க. சிவப்பு அஞ்சுக்கு பதினாலு நிமிஷம். நீலம் அஞ்சுக்கு ரெண்டே நிமிஷம். பஸ்ச புடிக்கப் போற மாதிரி சுட்டீங்க."

சின்னராசு தொண்டையைச் செருமினார். "ஆனா சார், பத்தொம்பது மில்லிமீட்டர் நல்ல சூடு சார். இந்த கிளப்புல உள்நாட்டு தோட்டாவுல அவ்ளோ கம்மியா கொளஞ்சியப்பன்கூட போட்டதில்ல."

சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

மேரி அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினாள். 'மாதிரியில் குறை இல்லை. கருவி பழுது.' கருவி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அவள் சொன்ன இடம் வெள்ளிமலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவளுடைய லேப் அங்கே ரத்தப் பரிசோதனை முகாம் நடத்துகிறது. வருகிறவர்களின் பெயர், வயது, ஊர் எழுத ஆள் இல்லையாம். மலை ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். முதல் நாளே நூற்றிப் பன்னிரண்டு பெயர் எழுதினேன். ஒருவருக்கும் வாய்தா கொடுக்கவில்லை. மனசுக்கு நன்றாகவே இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை.

போட்டியில் நம்மூர்ச் சரக்கையே சுட்டேன். ஒவ்வொரு தோட்டாவையும் வெளிநாடு என்று நினைத்துக்கொண்டு, காற்று நிற்கக் காத்திருந்து, மூச்சைப் பிடித்துச் சுட்டேன். நூற்றி எழுபத்தொன்று! ஒரே ஒரு பாயிண்டில் மூன்றாம் இடம் போய், நாலாம் இடம். அந்த ஒரு பாயிண்ட் மட்டும் சத்தியமாகத் தோட்டாவால்தான் போனது. மறுநாளே நடுத்தரத் தோட்டா கேட்டுக் கமிட்டிக்கு விரிவாக மனு எழுதினேன்.

கமிட்டியோ, மேரியின் ரிப்போர்ட்டைப் படித்து அசந்துபோய், அவளைக் கிளப்பின் தோட்டாப் பரிசோதனை அதிகாரியாக நியமித்துவிட்டிருந்தது. இனி யார் எந்தத் தோட்டா கேட்டாலும் அவள் கையெழுத்து வேண்டும்.

என் மனு எங்கள் வீட்டு ஹாலில், அவள் மேஜைமேல், நாலு மாதமாக நிலுவையில் இருக்கிறது.