தலைவர் திறந்து பார்த்த மூடி

எஞ்சினைக் குளிர்விக்கும் கலை அன்று காலை ஒரு பந்தயக் கார் பணிமனையில் தன் உச்சத்தைத் தொட்டது. அந்தப் பெருமை முழுவதும் குளிர்விப்புப் பொறியாளரையே சேரும்.

பந்தயக் காரின் ரேடியேட்டரில் தண்ணீரை, விலை கூடிய தனி மூடி ஒன்றைப் போட்டு அழுத்தத்தில் மூடி வைப்பார்கள். அதனால்தான் அத்தனை சூட்டிலும் அது கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் திறந்தவர் முகம் வெந்துவிடும். பணிமனையைக் கூட்டுகிறவருக்கும் இது தெரியும். நிறுவனத் தலைவருக்குத் தெரியாது. அதை அவரிடம் சொல்வது மரியாதையும் அல்ல.

புகைப்படக்காரர் சகிதம் வந்த தலைவர், அப்போதுதான் ஓடி நின்ற காரின் முன் சட்டைக் கையை மடக்கினார். மறுநாள் பந்தயத்துக்கான கார் அது. ஓட்டப்போகிறவள் பொறியாளரின் சொந்தத் தங்கை.

"மூடியை நானே திறந்து பாக்கறேன்."

பணிமனை மேலாளர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் தன் ஷூவைப் பார்த்தார். அங்கேதான் ஞானம் பிறந்தது.

"சார், அந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா விழுது" என்று, ஒரு வாரமாக ஓடாமல் ஆறிக் கிடந்த இன்னொரு காரிடம் தலைவரைப் பணிவோடு அழைத்துப் போனார் பொறியாளர்.

தலைவர் திறந்தார். ஒரு 'புஸ்' கூட வரவில்லை.

"எங்கய்யா அழுத்தம்? இதுக்கா இவ்வளவு விலையில மூடி?"

"நாங்களும் ரொம்ப நாளா அதைத்தான் யோசிக்கறோம் சார்" என்றார் மேலாளர்.

"எல்லா வண்டிக்கும் சாதா மூடி போடுங்க. போதும்."

உடனே ஓர் 'உயர்நிலைக் கூட்டம்' நின்றபடியே கூடி, ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைந்தது. தலைவரின் முகம் தப்பியது, பொறியாளரின் வேலையும் தப்பியது. தங்கையின் காரிலும் சாதா மூடியை அவரே பொருத்தினார். கடமை தவறாமல் நன்றாகத் திருகி இறுக்கினார்.

மாலையில் தங்கை ஹெல்மெட்டோடு வந்தாள்.

"அண்ணா, இந்த மூடி தாங்குமா?"

"தலைவரே நேர்ல பாத்து முடிவு பண்ணினதும்மா."

"அப்ப நீயும் பக்கத்து சீட்ல ஏறு. முழு வேகத்துல ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"நானா?" பொறியாளர் இரண்டடி பின்வாங்கினார். "வேண்டாம்மா. இது பாதி அழுத்தம்கூடத் தாங்காது. கொஞ்ச தூரத்துலயே தண்ணி கொதிச்சு வெளிய வந்துடும். அது டயருக்கு அடியில போச்சுன்னா நீ பிரேக் பிடிச்சாலும் வண்டி நிக்காது."

எந்த உயர்நிலைக் கூட்டமும் கேட்கக் கொடுத்துவைக்காத தெளிவான விளக்கம் அது. தங்கை முழுவதையும் கேட்டாள்.

"இவ்வளவும் தெரிஞ்சுதான் என் வண்டியில இதைப் போட்டியா அண்ணா?"