எல்லாருக்கும் வயிற்றுவலி

கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டம்,
ஜப்பான் கணக்கில் 2603, பழைய கணக்கில் 1943

மதிப்பிற்குரிய அத்தான் பரஞ்சோதி அவர்களுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் அய்யாவு வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் யாவரும் ஜப்பான் துரைமாராகிய துவான்களின் கிருபையால் மரவள்ளிக்கிழங்கு தின்று நலம். அங்கே கோலா கெடாவில் தாங்களும் அக்காவும் மீன் தின்று நலமாக இருப்பீர்கள்.

அத்தான், ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்து சீசாக்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, என்னிடம் மிஞ்சியவை இரண்டு காதுகள்தான், அது தெரிந்து ஆள் மாற்றி ஆள் வந்து மனக்குறையைக் கொட்டி அழுதுவிட்டுப் போகிறார்கள், நானும் மூச்சு விடமாட்டேன் என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் வந்தவர் பேரும் நோயும் பதிவில் ஏற வேண்டுமே. சயாமில் ரயில் பாதை போட ஆள் சேர்க்கும் நேரம், பதிவைக் காட்டு என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் வந்து நின்றார். காட்டினேன்.

"என்னய்யா இது, எல்லாருக்குமா வயித்துவலி?"

"கெழங்குதானே ஐயா சாப்பாடு."

"அழுதுகிட்டே போனாளே பாப்பம்மா, அவளுக்கு?"

"வலிச்சா அழத்தானே செய்வாங்க."

பிறகு துவான் வந்தார். கிராணியார் பக்கம் பக்கமாக மொழிபெயர்க்க, தோட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் காலராதான் என்று துவான் தாமாகவே முடிவு செய்து மூக்கைப் பொத்திக்கொண்டார். சயாமுக்குப் பேர் எழுதிய ராமையா, அதாவது பாப்பம்மாவின் புருஷன், எங்கே என்றார். அதே வயிற்றுவலியில் போய்ச் சேர்ந்தான் என்றேன். குழியைக் காட்டட்டுமா என்று கேட்பதற்குள் துவான் லோரி ஏறிவிட்டார். பாவம் ராமையா, நல்ல பிள்ளை.

இதைக் கொண்டுவரும் ஆளிடம் கிராணியாருக்கு நல்ல கருவாடாகக் கொடுத்தனுப்பவும். கடிதத்தை வாசித்து முத்திரை போட்டுத் தருபவர் அவர்தான். மாரியம்மன் தங்கள் வலையையும் அக்காவின் அடுப்பையும் காப்பாளாக.

இப்படிக்கு,
மைத்துனன் அய்யாவு

பி.கு.: இது முத்திரை விழுந்தபின் எழுதுவது. வழியில் நிற்கும் துவான்களுக்கு முத்திரை தெரியும், தமிழ் தெரியாது. கிராணியார் பதிவில் முதலில் தேடியது தம் பேரைத்தான். அவரும் ஒருநாள் என்னிடம் வந்து அழுதவர், ஏன் என்று கேட்காதீர்கள். அவர் பேருக்கு நேரேயும் வயிற்றுவலி என்றே இருந்தது. காலரா என்ற சொல்லைத் துவான் காதில் போட்டவர் அவர்தான். இதைக் கொண்டுவருபவன் ராமையா. செத்தவனுக்கு நல்ல பசி, முதலில் சோறு போட்டுப் பிறகு படகில் ஏற்றுங்கள். கருவாட்டை வேறு ஆளிடம் அனுப்புங்கள். கடிதத்தை அடுப்பில் போடுங்கள். பாப்பம்மா என்ன சொல்லி அழுதாள் என்று அக்கா கேட்பாள். வயிற்றுவலி என்று சொல்லுங்கள்.