லாட்விய காம்பிட்டைத் திட்டியவருக்கு

மதிப்பிற்குரிய சதுரங்கப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

ரீகாவிலிருந்து ஸ்கைத்ரீதே எழுதுவது. தாங்களும் வீட்டாரும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். என் கோபம் தனி.

போன மாதம் நம் நாட்டின் பெயர் தாங்கிய லாட்விய காம்பிட் என்ற சதுரங்கத் தொடக்கத்தை 'அசட்டுத் துணிச்சல்' என்று எழுதிவிட்டீர்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற என் கணவர் ஆர்வீட்ஸுக்கு, கறுப்புக் காய் கிடைத்தால் வேறெதுவும் ஆடத் தெரியாது. வெள்ளைக் குதிரை வந்து நடுச் சிப்பாயை மிரட்டினால் ஊரார் அதற்குக் காவல் போடுவார்கள். இவரோ ராஜாவின் ஓரத்தைக் காக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி எதிரியின் சிப்பாயோடு மோதவிடுவார். ராஜா குளிரில் நிற்கும், ஆனால் யானைக்கு வழி திறக்கும், ராணி சீக்கிரமே கிளம்பிவிடுவாள். இப்படிப்பட்ட ஆள் என்பதால்தான் என் அப்பா முறைத்துக்கொண்டிருக்கும்போதே என்னைப் பெண் கேட்டார். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு மனுஷனுக்கு எல்லாவற்றிலும் காவல்தான். வெயிலில் குடை. யூர்மலாவில் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கவில்லை. வருஷாவருஷம் லீகோ பண்டிகைத் தீயைக் கைகோத்துத் தாண்டுவோம்; இந்த வருஷம், "முழங்கால் என்னாகும் ஸ்கைத்ரீ? சுத்திப் போயிடலாமே" என்கிறார். தீயைச் சுற்றிப் போகவா ஐயா நான் இவரைக் கட்டிக்கொண்டேன்?

பொறுக்க முடியாமல் நேற்று நானே வெள்ளைக் காயோடு எதிரே உட்கார்ந்தேன்.

"தள்ளு கிழவா, அந்தச் சிப்பாயை!"

"ராஜா தெறந்து கெடக்குமே?"

"கெடக்கட்டும். இத்தனை வருஷத்துல அதுக்குச் சளியா பிடிச்சுது?"

தள்ளினார். தோற்றுக்கொடுக்கத்தான் உட்கார்ந்தேன், என் கெட்ட நேரம், குதிரையை எங்கே வைத்தாலும் அது நல்ல இடமாகப் போய்விட்டது. அவருடைய ராஜா பலகை நடுவே அலைந்து மாட்டிக்கொண்டது. நான் ஜெயித்துத் தொலைத்தேன்! பன்றி இறைச்சி போட்டு வேகவைத்த பட்டாணியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை 'அசட்டு' என்ற சொல்லை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். துணிச்சல் இருக்கட்டும், அது எனக்கு வேண்டும்.

தங்கள் பேனா நெடுநாள் ஓடட்டும். வீட்டம்மாவுக்கு என் அன்பு.

ஸ்கைத்ரீதே

பி.கு.: உறையை ஒட்டும்போது, கிழவர்கள் கூடிச் சதுரங்கம் ஆடும் வெர்மனே பூங்காவிலிருந்து இவர் தொப்பி கோணலாக வந்து நிற்கிறார். "உன்கிட்ட தோத்தப்பதான் எங்க கோட்டை விடறேன்னு புரிஞ்சுது! நம்ம ஸிகூர்ட்ஸ் இருக்கானே, அசட்டு ஆட்டம்னு பேப்பர்ல படிச்சுட்டுப் பயமே இல்லாம சிப்பாயைத் தின்னான். காவல் போடறதுக்குள்ள அவன் ராஜாவை மடக்கிட்டேன். நாளைக்கு இன்னும் மூணு பேர் வரிசையில நிக்கறாங்க!" ஆகவே ஐயா, ஓர் எழுத்தையும் எடுக்க வேண்டாம். இன்னும் கடுமையாகத் திட்டுங்கள். பூங்காவில் எல்லோரும் உங்கள் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள்.