நிரம்பாத தொட்டி

அன்று காலை கொல்லைப்புறத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்காரரான ஹெட்கிளார்க், அவர் மனைவி, நகராட்சி ஓவர்சியர், கடப்பாரையோடு இரண்டு ஆட்கள், கூப்பிடாமலே வந்த எதிர்வீட்டுத் தையல்காரர். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆனால் பாகம் பிரித்துச் சுவர் வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தாரை இந்தப் பக்கத்தில் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஹெட்கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பட்டம் ஓய்வு பெறவில்லை.

"சார், செப்டிக் டேங்க் எங்க இருக்குன்னு காட்டுங்க. மண்ணக் கொட்டி மூடிடுறோம். அப்பதான் பாதாளச் சாக்கடை இணைப்பு. குடிதண்ணி இணைப்பும் அதோட சேர்த்துதான்" என்றார் ஓவர்சியர்.

"எங்கப்பா கட்டுன டேங்க். இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவகூட நிரம்பினது கிடையாது. தெரியுமா?"

"அதெப்படி சார்?"

"கட்டுப்பாடு." முகத்தைத் திருப்பாமல் குரலை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பினார் ஹெட்கிளார்க். "சில வீட்டுக்கு வருஷம் தவறாம லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகுது. வாயக் கட்டத் தெரியாத குடும்பம்."

அந்தப் பக்கம் துணி உதறும் சத்தம் சற்றுப் பலமாகக் கேட்டது.

"சரிங்க சார். எங்க இருக்கு?"

அதுதான் சிக்கல். தொட்டி கட்டியபோது ஹெட்கிளார்க் வெளியூரில் உத்தியோகத்தில் இருந்தார். அதை ஊரார் முன் சொல்வது அழகல்ல.

மனைவி காதருகே வந்தாள். "உங்க தம்பியக் கேளுங்களேன். கட்டும்போது அவர்தானே கூட நின்னாரு."

"யாரை?"

"சரி, விடுங்க."

தம்பியிடம் முதலில் வாயைத் திறப்பதைவிட, பூமியைத் திறப்பது மேல் என்பது அவர் முடிவு. குளியலறைக்குப் பின்னால் கைத்தடியை ஊன்றினார். "இங்க தோண்டுங்க."

இடுப்பளவு ஆழத்தில் ஒரு துருப்பிடித்த வாளி கிடைத்தது.

"அப்பாவோட வாளி" என்றார் கம்பீரமாக. "டேங்க் பக்கத்துலதான் இருக்கணும்."

பக்கத்தில் தோண்டினார்கள். போன வாரம் நகராட்சி பதித்த புதுக் குடிநீர்க் குழாயில் கடப்பாரை இறங்கியது. சோதனைக்காகத் தண்ணீர் விட்டிருந்தார்கள் போலும். அது பனைமர உயரத்துக்கு எழும்பி, ஓவர்சியரை நனைத்து, சுவரைத் தாண்டிப்போய் உலர்ந்திருந்த துணிகளையெல்லாம் மறுபடி நனைத்தது.

ஆட்கள் குழாயை அடைத்து முடிக்கும்வரை ஓவர்சியர் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"சார், டேங்க் இருக்கா, இல்லையா? இல்லேன்னா இத்தனை வருஷம் எல்லாம் எங்க போச்சுன்னு நான் மேலிடத்துக்கு எழுதணும். அடுத்த தெருவுக்குப் போயிட்டோம்னா உங்களுக்கு இணைப்பு அடுத்த வருஷம்தான்."

"அதானே, எங்க போச்சு?" என்றார் தையல்காரர், வெகு ஆர்வமாக.

குடும்பத்தின் மீது இப்படியொரு கேள்வி விழலாமா? ஹெட்கிளார்க் சுற்றுமுற்றும் பார்த்தார். சமையலறை ஓரத்தில் ஒரு சிமெண்ட் மூடி கண்ணில் பட்டது.

"இதுதான்."

மனைவி பதறினாள். "ஐயோ, அது நம்ம குடி..."

"உள்ள போ. அடுப்புல ஏதோ கருகுது."

"அடுப்பே இன்னும் பத்த வைக்கலையே!"

ஓவர்சியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தார். குனிந்தார். பிடித்த கையை மெல்ல எடுத்தார்.

"வாடையே இல்லையே சார்?"

"நான்தான் சொன்னேனே. ஒழுக்கமான குடும்பம்."

"உள்ள என் முகம் தெரியுது சார்!"

"நாள்பட்டா தெளிஞ்சிடும்."

ஓவர்சியருக்கு அதற்கு மேல் விவாதிக்கத் தெம்பில்லை. கையைக் காட்டினார். மண் கூடை கூடையாகச் சரிந்தது. தொட்டி நிறைந்ததும் ஹெட்கிளார்க் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டி, எல்லாம் முறைப்படி முடிந்ததாகத் தலையசைத்தார்.

தையல்காரர் முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"சார்... போன கோடையில தெருவுக்கே குடிக்கத் தண்ணி குடுத்தீங்களே. இதுலேருந்துதானே மொண்டோம்?"

ஒரு சட்டை தைக்க ஒரு மாதம் இழுத்தடிக்கும் மனிதர், இந்தச் செய்தியைக் கண் இமைக்கும் நேரத்தில் தெருக்கோடிவரை சேர்த்துவிட்டார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் வேலியோரம் குனிந்து ஓங்கரித்தார்.

"அதான் அந்தத் தண்ணியில பருப்பு அவ்வளவு சீக்கிரம் வெந்துச்சு!" என்றாள் ஒருத்தி.

"தாங்களும் குடிச்சு, நமக்கும் குடுத்திருக்காங்களே பாவிங்க!"

அது குடிநீர்த் தொட்டி என்றால் சொன்ன சொல் பொய்யாகும், இணைப்பும் போகும். பேசாதிருந்தால் பரம்பரையே சாக்கடை குடித்ததாகிவிடும். ஹெட்கிளார்க் முதுகை வளைக்காமல், மண் மூடிய தொட்டியின் மேல் நின்றார்.

அப்போது கணக்கில் சேராத தம்பி மனைவி, ஈரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரருகே வந்தாள். அவளும் அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே.

"யாரும் வாந்தி எடுக்க வேண்டாம்" என்றாள். "எங்க மூத்தார் வீட்டுல குடிச்சதும் குடுத்ததும் நல்ல தண்ணிதான். அவங்க டேங்க் எங்க பக்கத்துல இருக்கு. சுவர் வச்ச நாள்லேருந்து எங்க வீட்டுக்கு லாரி வர்றது, ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்."