முப்பத்திரண்டாவது பூச்சாடி

முப்பத்தோராவது பூச்சாடிக்கு வந்தபோது பூவாளியின் மூக்கு அடைத்துக்கொண்டது. மாஸ்டர் அதைத் தட்டினார், உதறினார், வாயை வைத்து ஊதியும் பார்த்தார். உள்ளே இருந்த தண்ணீர் மேல்வழியாக வந்து அவர் சட்டையை நனைத்ததே தவிர, முன்பக்கம் ஒரு சொட்டு வரவில்லை.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சம்பாதிப்பவர். பதற்றம் வந்தால் எங்கே நின்றாலும் அவர் கால் தானாகத் தரையில் பிரேக் மிதிக்கும். பங்குக் கோயில் பூ விழாவுக்கும் அவருக்கும் ஒரே சம்பந்தம், இந்த வருடம் விழாக் குழுச் செயலாளர் அவருடைய மனைவி. அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசிலோடுதான் பிறந்திருப்பாள் என்று மாஸ்டர் நம்பினார்.

"நாங்க எல்லாரும் ஹால்ல சாப்பிட்டுட்டு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "அதுக்குள்ள முப்பத்திரண்டு ஜாடிக்கும் தண்ணி ஊத்திடுங்க. ஒண்ணுகூட விடக் கூடாது."

"நான் எப்போ சாப்பிடறது?"

"ஊத்தி முடிச்சதும்."

பூவாளியை மூலையில் வைத்துவிட்டு மாஸ்டர் வாளிக்கு மாறினார். முப்பத்தொன்று முடிந்தது. முப்பத்திரண்டாவதைக் காணோம். கோயிலை இரண்டு முறை சுற்றிவந்த பிறகுதான், பீடத்துக்கு முன்னால் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு ஆள் உயரத்துக்கு ஒன்று நிற்பது கண்ணில் பட்டது.

"இப்படியா மூடி வைப்பாங்க? மூச்சு முட்டாது?" என்று பெட்ஷீட்டை விலக்கினார்.

அப்படியே நின்றுவிட்டார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நூற்றுக்கணக்கில் பூக்கள். ஒரு இதழில்கூடச் சுருக்கமில்லை. ஜாடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். வெறும் மணல், வறண்டு கிடந்தது. இவ்வளவு அழகான பூவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லையே என்று அவருக்கு நெஞ்சு கனத்துப்போனது. வாளித் தண்ணீரை உச்சியிலிருந்து அபிஷேகம் மாதிரி ஊற்றினார். போதாது என்று தோன்றியது. இன்னொரு வாளி பிடித்து வந்து ஊற்றினார்.

பூக்கள் அழ ஆரம்பித்தன. முதலில் சிவப்பாக, பிறகு நீலமாக. ஒரு ரோஜா தலையைத் தொங்கப்போட்டது. தூக்கிவிடலாம் என்று தொட்டார். அது கூழாக அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

காகிதம்!

பாட்டு டீச்சர் மூன்று மாதமாக ராப்பகலாக உட்கார்ந்து காகிதப் பூ செய்கிறார், யாருக்கும் காட்ட மாட்டேன் என்கிறார், விழாவில் நாலு மணிக்குத்தான் திரை விலகும் என்று மனைவி தினமும் சாப்பாட்டு வேளையில் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போதுதான் மாஸ்டர் காதில் விழுந்தது. அத்தனை நாளும் "உம்" மட்டும் கொட்டியிருந்தார். கால் தரையில் பிரேக்கை மிதித்தது. எதுவும் நிற்கவில்லை.

காயவைத்தால் சரியாகிவிடும் என்று சுவரோரம் இருந்த பெரிய மின்விசிறியை இழுத்து வந்து, முழு வேகத்தில் வைத்தார். ஈரக் காகிதம் பறந்துபோய்த் தூணில் ஒட்டியது, பிரசங்க மேடையில் ஒட்டியது, அவர் நெற்றியில் ஒட்டியது. பீடத்தின் வெள்ளைத் துணியில் மூன்று வண்ணத்திலும் மழை பெய்தது. கைக்குட்டையால் துடைத்தார். மூன்றும் கலந்து நாலாவது ஒரு வண்ணம் வந்தது. அதற்கு இதுவரை யாரும் பேர் வைத்திருக்கவில்லை.

"மாஸ்டர், என்ன பண்றீங்க?"

வாசலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, சாவி வைத்திருப்பது, எதையும் வெளியில் சொல்லாமலிருப்பது, இந்த மூன்றும் அவர் வேலை.

"தண்ணி ஊத்தினேன்."

"காகிதப் பூவுக்கா?"

"ஒண்ணுகூட விடக் கூடாதுன்னு சொன்னாங்க."

கோயில்பிள்ளை ஜாடியைச் சுற்றி வந்தார். கம்பிகள் மட்டும் முள்ளம்பன்றி மாதிரி நின்றன. "பாட்டு டீச்சருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க" என்றார்.

மாஸ்டருக்கும் அதே கவலைதான். சின்ன வயதில் அவருக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் அந்த டீச்சர். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ வாயை மட்டும் அசைப்பா, சத்தம் வேண்டாம்" என்று கன்னத்தைத் தட்டி, கடைசிவரை பாடற்குழுவிலேயே வைத்திருந்தவர்.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் கோயில்பிள்ளை. "மத்த ஜாடியிலேருந்து ரெண்டு ரெண்டு பூ எடுத்தா யாருக்குத் தெரியும்? மூணு மாசம் செஞ்ச பூ அசல் மாதிரிதானே இருக்கணும்? அசலையே வெச்சிடுவோம்."

பீடத் துணியைத் திருப்பிப் போட்டார்கள். தூணைச் சுரண்டினார்கள். பிறகு ரெண்டு ரெண்டாகப் பூ எடுத்தார்கள். அறுபத்திரண்டு பூ அந்த ஜாடியின் ஒரு தோளுக்குத்தான் காணும். அஞ்சு அஞ்சாக எடுத்தார்கள். அதுவும் இடுப்போடு நின்றது. இன்னொரு சுற்று போனபோது, இருபத்து மூன்றாவது ஜாடியில் இலை மட்டும் மிஞ்சியது. மற்றவை லீவு முடிந்து முடிவெட்டிக்கொண்டு வந்த பையன்கள் மாதிரி வரிசையாக விழித்தன.

"இதுக்கெல்லாம் எங்க போறது?" என்றார் மாஸ்டர்.

"பின்னால ஃபாதர் தோட்டம் இருக்கு."

"ஃபாதர் கேட்டா?"

"ஆடு மேய்ஞ்சிடுச்சுன்னு சொல்றேன்."

"இங்க ஆடு ஏது?"

"அதை அவர் கேக்கட்டும், அப்ப யோசிக்கலாம்."

பத்தே நிமிடத்தில் தோட்டம் மொட்டையானது. கடைசிப் பூவைச் செருகி, பெட்ஷீட்டைப் போர்த்தவும் வெளியே விசில் ஊதவும் சரியாக இருந்தது.

மனைவி உள்ளே வந்தாள். பின்னால் இருபது தொண்டர்கள். "எல்லாத்துக்கும் ஊத்திட்டீங்களா?"

"ஒண்ணுகூட விடல."

"கையில என்ன அது?"

மாஸ்டர் கையைப் பார்த்தார். "பேனா லீக் ஆயிடுச்சு."

"மூணு கலர்லயா?"

"மூணு கலர் பேனா."

அவள் மேலே கேட்பதற்குள் அந்தப் பக்கம் கூச்சல் எழுந்தது. "என் ஜாடியில பாதிப் பூவைக் காணோம்!" "அய்யோ, என்னுதுல வெறும் தழைதான் இருக்கு!" யாரோ யாரையோ சந்தேகமாகப் பார்த்தார்கள். மாஸ்டரின் மனைவி விசிலை ஒரு ஊது ஊதினாள்.

"வெயில்ல சுருங்கியிருக்கும்! இருக்கிறதைப் பரப்பி வையுங்க. இன்னொரு விஷயம். திறந்து வைக்க வரவேண்டியவருக்குக் காய்ச்சலாம். அவருக்குப் பதிலா கடைவீதி மூணு மாடிக் கடை முதலாளி வர்றார். மானம் போகாம பார்த்துக்கங்க!"

பாட்டு டீச்சர் அப்போதுதான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். முதலாளி பேரைக் கேட்டதும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பாவம், பெரிய மனுஷர் பார்க்கப்போகிறார் என்று படபடப்பு. மாஸ்டரின் கால் மறுபடி பிரேக்கைத் தேடியது.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். ரிப்பனை வெட்டினார். மொட்டையடித்த முப்பத்தொரு ஜாடிகளையும் பார்த்து, "எளிமையா இருக்கு, நல்லா இருக்கு" என்றார். பீடத்தருகே வந்ததும் ஃபாதர் பெட்ஷீட்டின் நுனியை அவர் கையில் கொடுத்தார்.

"இது எங்க டீச்சர் மூணு மாசமா காகிதத்துல செஞ்சது."

பெட்ஷீட் விழுந்தது. கோயில் முழுக்க ஒரே "ஆ!"

"காகிதமா? அசல் மாதிரியே இருக்கே!"

"இங்க பாரு, இலையில பூச்சி அரிச்ச ஓட்டைகூடப் போட்டிருக்காங்க!"

"வாசனை வருதே! சென்ட் தெளிச்சிருக்காங்கப்பா!"

ஒரு தேனீ ஜன்னல் வழியாக வந்து மஞ்சள் பூவில் உட்கார்ந்தது. "தேனீயே ஏமாந்துபோச்சு!" என்று கூட்டம் கை தட்டியது. ஃபாதர் ஒரு சிவப்பு ரோஜாவைப் பார்த்து, "என் தோட்டத்துப் பூவை அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்களே டீச்சர்!" என்று நெகிழ்ந்தார். கோயில்பிள்ளை திடீரென்று மணியடிக்கக் கிளம்பிவிட்டார்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பூவைத் தொட்டார். விரலை உயர்த்திக் காட்டினார். "பனித்துளியைக்கூட விடல!" பிறகு நிமிர்ந்து, "எத்தனையோ கைவேலை பார்த்தவன் நான். இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. என் கடைக்கு இதுமாதிரி இருநூறு வேணும்" என்றார்.

முதல் பரிசுக் கோப்பை பாட்டு டீச்சர் கைக்குப் போனது. அவர் பூவைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார். மனைவி மாஸ்டரின் தோளில் தட்டி, "பார்த்தீங்களா, இதுதான் உழைப்பு" என்றாள். மூன்று மாத உழைப்பைக் கூழாக்கியவனுக்கு அது சாட்டை அடி மாதிரி விழுந்தது. அதற்கு மேல் மாஸ்டரால் முடியவில்லை.

கூட்டம் தேநீர் மேஜைப் பக்கம் நகர்ந்ததும் டீச்சரிடம் போனார். அவர் தனியாக, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், என்னை மன்னிச்சிடுங்க. அது உங்க பூ இல்ல. உங்க பூ எல்லாத்தையும் நான்தான் ரெண்டு வாளி தண்ணி ஊத்தி நாசம் பண்ணிட்டேன். அங்க இருக்கறது அத்தனையும் அசல் பூ. நான் போய் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன். உங்க மூணு மாச உழைப்பு..."

டீச்சரின் கண் கலங்கியிருந்தது. மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து, அருகே இழுத்தார்.

"நீ நல்லா இருப்பேப்பா, சத்தம் போடாதே! என் பூ அத்தனையும் போன வாரம் அந்த முதலாளி கடையிலதான் வாங்கினேன், பில் போட்டதே அவர்தான்!"